பதினான்கு நிமிடம் முன்னால்

ஜூலை 3, திங்கள்

இந்த நோட்டு போனுக்காக மட்டும். என்ன வேகம் வைத்தேன், எத்தனை டிகிரி சூடு, எப்போது ஹேங் ஆகித் தொங்கியது என்று எழுதி வைக்காவிட்டால் ஒரே தப்பை நாலு தடவை செய்வேன். பட்டறையில் நான் இரும்பு கடைகிற மெஷினுக்கு இப்படித்தான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பதினோரு வருஷமாக அந்த மெஷின் என்னை ஏமாற்றியதில்லை.

போன் வாணியுடையது. என் மனைவி கோகிலவாணி. எட்டு வருஷப் பழைய மாடல், பேட்டரியைக் கழற்றி மாட்டலாம். சத்தம் குறைக்கும் பட்டன் வேலை செய்யாது, தவறிக் கீழே விழுந்ததில் போய்விட்டது. அதை ரூட் செய்து, அதாவது கம்பெனிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, கேமரா ஆப் போட்டு, ஹால் ஷெல்ஃபில் நிற்க வைத்திருக்கிறேன். கணபதி ஏரியாவில் இருக்கும் பட்டறையில் நின்றபடியே என் போனில் வீட்டைப் பார்க்கலாம். ஹால் முழுக்கத் தெரியும். சமையலறை வாசலும் தெரியும்.

மாசியில் அவளுக்கு வலிப்பு வந்து, சமையல் மேடை முனையில் தலை மோதி ஏழு தையல். அதற்கப்புறம் எப்படித் தனியாக விடுவது? பிளே ஸ்கூல் வேலையை நிறுத்தியாயிற்று. போன் வெளிச்சம் வலிப்புக்கு ஆகாது என்று பிறகு வாங்கிய அவளுடைய புதுப் போனையும் நானே வைத்திருக்கிறேன். மாத்திரையை என் கையால் கொடுக்கிறேன். இத்தனையும் செய்பவன் கணவன், ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் நான் என்னவோ வார்டன் மாதிரி.

பிரச்சினை இதுதான். படம் ஆறு விநாடி பிந்தி வருகிறது. சில சமயம் உறைந்து நிற்கிறது. உறைந்த படத்தில் வாணி சோபாவில் இருக்கிறாள், படம் நகர்ந்தால் சோபா காலி. நடுவில் எங்கே போனாள், என்ன செய்தாள் என்று தெரிவதில்லை. ஆறு விநாடியில் ஒரு மனுஷி விழுந்துவிடலாம். என் தொழிலில் தலைமுடியைவிட மெல்லிய பத்து மைக்ரான் தப்பினாலே பீஸைத் தூக்கி எறிகிறோம்.

அதனால் பிராசஸர் வேகத்தைக் கூட்டப் போகிறேன்.

ஜூலை 4, செவ்வாய்

காந்திபுரத்தில் அன்வர் பாயின் சர்வீஸ் கடைக்குப் போனேன். வேகம் கூட்ட இடம் கொடுக்கிற வேறு கெர்னல் ஏற்றிக் கொடுத்தார். கெர்னல் என்பது பிராசஸரிடம் வேலை வாங்குகிற மேஸ்திரி. பழைய மேஸ்திரி 1.2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டமாட்டான், புதியவன் சொன்னபடி ஓட்டுவான்.

"மோகன்ண்ணா, கம்பெனிக்காரன் 1.2ன்னு சும்மா எழுதல. 1.4 வரைக்கும் போங்க. ஒவ்வொரு படியா ஏத்துங்க, ஒரு நாள் பூரா ஓட விட்டுப் பாருங்க. தொங்குச்சுன்னா பேட்டரிய கழட்டி மாட்டுனாப் போதும், தானா பழைய வேகத்துக்கு வந்துக்கும்."

"வேற?"

"ஒன்னே ஒன்னு. 'ஆன் ஆகும்போது இதே வேகம்'னு கடைசில ஒரு கட்டம் இருக்கும். அதுல மட்டும் டிக் போட்டுராதீங்க. போட்டா, நீங்க எத்தன தடவ கழட்டி மாட்டுனாலும் அதே வேகத்துலதான் எந்திரிக்கும். அப்பறம் ரெகவரின்னு உள்ள ஒரு ரிப்பேர் மோடு இருக்குது, அதுக்குள்ள போய்த்தான் தூக்கோணும். ரெகவரிக்குப் போக சத்தம் கொறைக்கிற பட்டன் வேணும். உங்க போன்ல அது செத்துக் கெடக்குது."

பிறகு கேட்டார்: "எதுக்குங்ணா இத்தன மெனக்கேடு? புதுசா ஒரு கேமரா மாட்டீறலாமுல்ல?"

புதுக் கேமரா மாட்டினால் வாணி நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். இது அவளுடைய பழைய போன், கண்ணுக்குப் பழகிவிட்டது. இதையெல்லாம் அன்வர் பாயிடம் சொல்லவில்லை.

ஜூலை 6, வியாழன்

1.3: நாலு விநாடி பிந்துகிறது. 47 டிகிரி.
1.4: இரண்டரை விநாடி. 51 டிகிரி. தொங்கவில்லை.

நேரத்தை ஒப்பிட, சுவர்க் கடிகாரத்தைக் கேமராவுக்கு நேரே மாற்றி மாட்டினேன்.

"கெடியாரத்த எதுக்குங்க அங்க மாத்துனீங்க?" என்று வாணி கேட்டாள். நேரம் பார்க்க என்றேன். உண்மைதானே.

மறுபடி ஸ்கூல் பேச்சை எடுத்தாள். "டாக்டரே போலாம்னு சொல்லிட்டாருங்க. ஸ்கேன், மூளைக்கு ஒயர் வெச்சு எடுத்தது எல்லாமே நல்லாத்தான் இருக்குதுங்க."

"நீ விழும்போது டாக்டரா பக்கத்துல இருந்தாரு?" என்றேன்.

"இல்லீங்க. நீங்கதான் இருந்தீங்க."

பருப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொள்ளுப் பருப்பு நன்றாக இருந்தது.

ஜூலை 8, சனி

பெரிய நாள். பட்டறையில் மிச்சமிருந்த அலுமினியத் துண்டில் பதினாறு தகடு நிற்கிற மாதிரி வெட்டி, போனின் முதுகு மூடியைக் கழற்றிவிட்டு, சூடு கடத்துகிற பேஸ்ட் தடவி ஒட்டினேன். பின்னால் பழைய கம்ப்யூட்டர் விசிறி. சூடு எட்டு டிகிரி இறங்கியது. இந்த ஊரில் எவன் போனுக்கும் இப்படி ஒரு சட்டை கிடையாது.

1.5ல் மூன்று தடவை தொங்கியது. வோல்டேஜை ஒரு படி கூட்டியதும் நின்றுவிட்டது.

பட்டறைக்கு வந்து என் போனில் வீட்டைப் பார்த்தேன். என் கடிகாரத்தில் 11.20.00. படத்தில் 11.20.00. பிந்தவே இல்லை. சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் படம் இன்னும் லேசாகத் திக்குகிறது.

ஜூலை 10, திங்கள்

1.6. திக்கல் போய்விட்டது. கண்ணாடி மாதிரிப் படம்.

ஆனால் சுவர்க் கடிகாரம் நாலு நிமிடம் வேகமாக ஓடுகிறது. மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் விநாடி சுத்தமாகச் சரியாக இருக்கிறது. பட்டறைக்குத் திரும்பிப் பார்த்தால் மறுபடி நாலு நிமிடம் வேகம்.

ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அப்படியேதான். என் போனை ஆஃப் செய்து ஆன் செய்தேன். அப்படியேதான்.

கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் வருகிறேன். அவள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு விழுந்துவிட்டால் நான் எப்படி உள்ளே போவது? கீழ் வீட்டு ருக்குமணியம்மா இதை ஒரு பேச்சாக்கிக்கொண்டு திரிகிறார்.

ஜூலை 11, செவ்வாய்

காலையில் வோல்டேஜை இன்னும் ஒரு படி ஏற்றினேன். சுவர்க் கடிகாரம் இப்போது பதினான்கு நிமிடம் வேகம்.

மணி 12.52. சாப்பாட்டுக்குக் கிளம்புமுன் கையைக் கழுவிக்கொண்டே படத்தைப் பார்த்தேன். என் வீட்டு ஹாலில் ஒருவன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முதுகு கேமரா பக்கம். வாணி பக்கத்தில் நின்று பச்சைப்பயறு கடைசலை ஊற்றினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. பூட்டின வீட்டுக்குள் எவன்?

அவன் போதும் என்று கையைக் காட்டினான், இடது கையை, விரலை மடக்காமல். சட்டை நீலம், முதுகில் பட்டறையின் பெயர். அது நான்.

சோப்பு நுரை காய்கிறவரை அப்படியே நின்றேன். ஒன்பது நிமிடத்தில் வண்டியில் வீட்டுக்குப் போனேன். பச்சைப்பயறு கடைசல். வாணி ஊற்றினாள். என் இடது கை தானாக எழுந்து, போதும் என்று காட்டியது. நிமிர்ந்து பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தில் 1.06.

படம் பிந்தவில்லை, முந்துகிறது. எழுதிப் படித்துப் பார்க்கிறேன், எழுதியது நான்தான்.

ஜூலை 13, வியாழன்

பயந்தால் வேலைக்கு ஆகாது, சோதனை செய்ய வேண்டும்.

12.50க்கு, இன்று வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்து வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தேன். படத்தைப் பார்த்தேன். வாணி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ பாடினாள். இவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

சாவியைக் கையில் எடுத்தேன். படம் ஒரு கணம் துடித்தது. இப்போது நான் சாப்பிடுகிறேன், அவள் கரண்டியோடு பின்னால் நிற்கிறாள். வாய் இறுக மூடியிருக்கிறது.

சாவியைக் கீழே வைத்தேன். கால் நீட்டல், பாட்டு. எடுத்தேன். கரண்டி.

நான் இல்லாவிட்டால் இவ்வளவு சந்தோஷமா என்று ஆத்திரம் வந்தது. போனேன். சாப்பிட்டுவிட்டு, "சட்டியில திங்கற பழக்கமெல்லாம் இந்த வீட்டுல வேண்டாம்" என்றேன். அவள் இன்று சட்டியில் சாப்பிடவே இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. வாணி கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்டி நுனியிலிருந்து பருப்பு சொட்டியது, அதை அவள் துடைக்கவில்லை.

ஜூலை 14, வெள்ளி

கரண்ட் இரண்டு தடவை போனது. பழைய பேட்டரி தாங்கவில்லை, போன் அணைந்து 1.2க்கே திரும்பிவிட்டது. இரண்டு தடவையும் வீட்டுக்கு ஓடி வேகத்தை ஏற்றிவிட்டு வந்தேன். சூப்பர்வைசர் முறைக்கிறார்.

டிக் போட்டேன்.

ஜூலை 15, சனி

காலை பத்தரைக்குப் படத்தில் வாணி ஹால் ஜன்னல் பக்கம் குனிந்து கீழே யாருடனோ பேசுகிறாள். ருக்குமணியம்மாவாகத்தான் இருக்கும். இது பத்தே முக்காலுக்கு நடக்கப் போவது. இப்போது, இந்த நிமிடம், அவள் என்ன செய்கிறாள்? அது தெரியவில்லை. முன்னால் என்னவோ தெரிகிறது, இப்போது எதுவும் தெரியவில்லை.

சாயங்காலம் வேகத்தைக் குறைக்கப் பார்த்தேன். தொங்கிப் போனது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். அதே வேகத்தில் எழுந்தது. ஆறு தடவை. எத்தனை தடவை மாட்டினாலும் பதினான்கு நிமிடத்துக்கு அப்பால்தான் கண் விழிக்கிறது.

ஜூலை 16, ஞாயிறு

அன்வர் பாய் போனைத் திறந்து பார்த்தார்.

"அண்ணா, பட்டன் மட்டும் போகல. உள்ள போர்டே நசுங்கியிருக்குது. கீழ உழுந்தா இப்படி ஆகாதுங்ணா. சொவத்துல எறிஞ்சா ஆகும்."

"விழுந்ததுதான்" என்றேன்.

அவர் வாதாடவில்லை. இதில் கை வைத்தால் மொத்தமாகப் போய்விடும், ரெகவரிக்குள் நுழைய வேறு வழியில்லை என்று மூடித் தந்துவிட்டார். வாசல்வரை வந்து, "அக்கா நல்லாருக்காங்களா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். ஏன் கேட்டார் என்று தெரியவில்லை.

ஜூலை 17, திங்கள்

படத்தில் வாணி ஹாலில் கை கழுவுகிற தொட்டியில் மாத்திரையைத் துப்பினாள். நான் கொடுத்ததை நாக்கடியில் ஒதுக்கி வைத்திருக்கிறாள் போல. சாவியை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன், அதற்கப்புறம் படத்தைப் பார்க்கவில்லை. வழியில் சிக்னலில் நாலு நிமிடம் போனது. பூட்டைத் திறந்து உள்ளே போனபோது அவள் தொட்டிப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். கன்னத்தைப் பிடித்தேன். மாத்திரை வாயில்தான் இருந்தது.

"உங்களுக்கு எப்படிங்க தெரியுது?" என்றாள். "இன்னும் நான் செய்யவே இல்லீங்களே."

முழுங்கச் சொன்னேன். முழுங்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஜூலை 19, புதன்

காலை 10.59

பட்டறையில், என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா பிடித்திருக்கும்வரை இந்தக் கை வேறெதையும் பிடிக்காது. அதற்காகத்தான்.

10.40க்குப் படத்தில் பரண் பெட்டியை வாணி இறக்கி வைத்துச் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தில் 10.54. பார்த்ததும் சாவியைப் பிடுங்கி எடுத்தேன். ஒன்பது நிமிடம் போதும், அவள் பெட்டியை மூடுமுன் போய்விடலாம். படம் துடித்தது. ஹால் நடுவே நான் நின்றேன். நீலச் சட்டை.

படத்தில் பெட்டியைப் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். பின்னாலேயே போய்ச் சமையலறை வாசலுக்குள் விழுந்தாள். மேடை கேமராவில் தெரியாது. சத்தம் கேட்டது. வாசலுக்கு இந்தப் பக்கம் அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு தடவை அசைந்தன. பிறகு அசையவில்லை.

படத்தில் இருந்த நான் சிறிது நேரம் நின்றேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். பையிலிருந்து போனை எடுத்தேன். "ஆம்புலன்ஸுங்களா? என் சம்சாரத்துக்கு மறுபடியும் வலிப்பு வந்துருச்சுங்க." குரல் நடுங்கவே இல்லை. முகவரியைக்கூடத் தெளிவாகச் சொன்னேன்.

சாவியை மேசையில் வைத்தேன். சேலை மடிக்கிறாள்.
எடுத்தேன். பாதங்கள்.
வைத்தேன். சேலை.

மூன்று தடவை செய்து பார்த்தேன். போய் அவளைத் தொடாமல் பேசிவிட்டு வருவோம் என்று உறுதியாக நினைத்துக்கொண்டு ஒரு தடவை எடுத்தேன். அதிலும் பாதங்கள்தான். என் உறுதியை என்னைவிட அந்தப் போன் நன்றாக அறிந்து வைத்திருக்கிறது.

சாவியை, மெஷினைக் குளிர வைக்கிற கூலன்ட் தொட்டிக்குள் போட்டுவிட்டேன். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இரும்புச் சீவல். தேடி எடுக்க அரை மணி நேரமாவது ஆகும்.

11.02

10.54க்குப் படத்தில் கதவு ஆடியது. கடிகாரத்தில் 11.08. பிளேடு போட்டுப் பூட்டை அறுத்தார்கள். சொந்த ஊரான கோபியிலிருந்து வாணியின் அக்கா வந்திருக்கிறார், கூட ருக்குமணியம்மா. அக்கா பெட்டியை வாங்கிக்கொண்டார்.

வாணி ஷெல்ஃபுக்கு வந்தாள். போனைக் கையில் எடுத்தாள். திரை முழுக்க அவள் முகம். நெற்றி ஓரத்தில் தையல் தழும்பு வெள்ளையாக இருந்தது. அவளை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்து எத்தனை மாதமாயிற்று.

"ஏனுங்க, கேக்குதுங்களா? எனக்கு வலிப்பு கெடையாதுங்க. ஒரு நாளும் வந்ததில்லீங்க. அது உங்களுக்கும் தெரியும்."

பேட்டரியைக் கழற்றினாள். திரை இருட்டாகிவிட்டது. என் மணி 10.58, அங்கே 11.12.

11.04

ஆனால் அது இன்னும் நடக்கவில்லை. அவள் இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், தனியாக, பூட்டின கதவுக்குள், நான் போட்ட பூட்டு. அக்கா இன்னும் வந்திருக்க மாட்டார். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஒரு ஆட்டோ நிற்கிறது. ஓட்டுபவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். ஆட்டோவில் ஏழு நிமிடம்.

அதைப் பார்க்க ஒரு படமும் இல்லை இனி. நான் எழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் காட்டமாட்டார்கள்.

11.06

மாசி மாதம் அவளுக்கு வலிப்பு வரவில்லை. ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போகவேண்டாம் என்றேன், போவேன் என்றாள். அவள் போனை, இதே போனை, பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். குனிந்து பொறுக்கப் போனவளைத் தள்ளினேன். ஆஸ்பத்திரியில் வலிப்பு என்று சொன்னது நான். கட்டிலில் படுத்திருந்த வாணி மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவள் வாயில் மாத்திரை வைத்து, எனக்கே அது நிஜமாகிவிட்டது. அவளுக்கு அது ஒரு நாளும் நிஜமாகவில்லை.

11.08

ஆட்டோக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருக்கிறார், இன்னும் கிளம்பவில்லை.

என் கால் இரண்டும் தரையில் துள்ளுகின்றன. அவள் போய்விட்டால் அந்த வீட்டுக்குள் நான் எப்படி நுழைவேன்? பயமாக இருக்கிறது. அவளை இழக்கிற பயமா, நான் செய்தது வெளியே தெரிகிற பயமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

11.09

எழுந்து நின்றுவிட்டேன். உட்கார்ந்துவிட்டேன்.

11.10

பக்கத்து மெஷின்காரரைக் கூப்பிட்டு, "ரெண்டு நிமிஷம் என் தோளப் புடிச்சுட்டு நில்லுங்க, எந்திரிக்க வுடாதீங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். "எந்திரிச்சா ஒருத்தர அடிச்சுப்போடுவனுங்க" என்றேன். சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். இப்போது பிடித்திருக்கிறார். இரண்டு தோளிலும் அவர் கை கனமாக இருக்கிறது.

11.11

ஆட்டோ போய்விட்டது.

11.12

என் போனில் மணி அடித்தது. கேமரா இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று வந்திருக்கிறது.

கழற்றிவிட்டாள். தன் கையால், நடந்து வந்து, நின்றுகொண்டு கழற்றினாள்.

பக்கத்து மெஷின்காரரிடம், கையை விட்டுவிடலாம் என்று சொன்னேன். அவர்கள் தூரம் போகிறவரை இன்னும் ஒரு அரை மணி நேரம் பிடித்திருக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று அப்புறம் தோன்றியது. மறுபடி அவரைக் கூப்பிட்டேன்.